யேல் துரையின் வாரிசுகள்

இராயபுரம், சென்னை
3.3.2024

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுவது. அங்கே பனி விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அம்மா தினமும் என்னைத்தான் கேட்கிறாள். நீயே அவளுக்கு ஒரு வரி எழுதிப் போடு.

போன வாரம் போனில் ஒன்று கேட்டாய். கேட்டுவிட்டு, “பரவாயில்லை மாமா, அப்புறம் பேசலாம்” என்று வைத்துவிட்டாய். உன் குரலைக் கேட்டால் பரவாயில்லாத மாதிரித் தெரியவில்லை. அடிமை முறையோடு தனக்கு இருந்த தொடர்புக்காகப் பிப்ரவரி 16ஆம் தேதி உங்கள் யேல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டதும், அன்று சாப்பாட்டு மேசையில் கூடப் படிக்கிற பெண், “யேல் உங்கள் ஊர் கவர்னர்தானே? உங்கள் ஊரில் சுரண்டிய பணத்தில் எழுந்த இடத்தில் வந்து படிக்கிறாயே, உனக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டதும், உனக்கு வாயடைத்துப் போனதும் எனக்குப் புரிந்தது. இது போனில் சொல்லித் தீர்கிற சங்கதி அல்ல. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சரித்திரம் படித்தவன் அல்ல. வக்கீல் குமாஸ்தாவாக உயர் நீதிமன்றத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்தே காலத்தைக் கழித்தவன். யாராவது இறந்துபோனால் எங்களைப் போன்றவர்களிடம் முதலில் வருவது வாரிசுச் சான்றிதழ் வேலை. மனைவி யார், பிள்ளைகள் எத்தனை, இன்னொரு குடும்பம் உண்டா, உயில் எழுதினாரா, கையெழுத்து இருக்கிறதா? இதைக் கேட்டு முடித்தால் இறந்தவரின் முழு வாழ்க்கையும் ஒரு தாளில் வந்துவிடும். யேல் துரையையும் அப்படித்தான் பார்க்கப் போகிறேன். உன் தோழியின் கேள்விக்குப் பதிலும் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

முதலில் ஆளைச் சொல்கிறேன். எலிஹு யேல் 1649இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர். பூர்வீகம் வேல்ஸில் ரெக்ஸ்ஹாம் பக்கம். மூன்று வயதில் பெற்றோரோடு இங்கிலாந்து போனவர், பிறகு சாகும்வரை அமெரிக்க மண்ணை மிதிக்கவில்லை. உங்கள் நியூ ஹேவனைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக நம் மதராஸ் கோட்டையில் வந்து இறங்கினார். சம்பளம் வருஷத்துக்கு 10 பவுண்டு. அந்தச் சம்பளத்தில் யாரும் பணக்காரர் ஆக முடியாது. ஆனால் கம்பெனி ஊழியர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் ஆசியத் துறைமுகங்களுக்கு இடையே வியாபாரம் செய்துகொள்ளலாம் என்று ஒரு வழி இருந்தது. துணியும் வைரமும் அந்த வழியில்தான் போயின. மேசையில் கம்பெனிக் கணக்கு, மேசைக்கு அடியில் சொந்தக் கணக்கு. இரண்டும் எங்கே கலந்தன என்பதுதான் பின்னால் அவர்மீது வந்த வழக்குக்கெல்லாம் மூலம்.

இனி மனைவி. ஜோசப் ஹின்மர்ஸ் என்று கோட்டைக் கவுன்சிலில் பெரிய பதவியில் இருந்தவர் 1680இல் இறந்தார். அவருடைய விதவை கேத்தரினை அதே ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி யேல் மணந்துகொண்டார். கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் மேரீஸ் தேவாலயம் பிரதிஷ்டை ஆகி அப்போது ஒரு வாரம்தான். அங்கே நடந்த முதல் கல்யாணம் அதுதான். திருமணப் பதிவேட்டில் முதல் பெயரும் இவர்களுடையதே. கேத்தரினோடு முதல் கணவர் வழிப் பிள்ளைகளும் வந்தார்கள். முதல் கணவரின் சொத்தும் வந்தது. 10 பவுண்டு எழுத்தருக்கு வியாபாரத்தில் கால் ஊன்ற அந்த மூலதனம் பெரிதும் உதவியது. இது நம் ஊரில் யாருக்கும் புதிய கதை அல்ல. கோர்ட்டில் இதைப் போல எத்தனையோ கட்டுகளைத் தூக்கியிருக்கிறேன்.

யேலுக்கும் கேத்தரினுக்கும் ஒரு மகன், மூன்று மகள்கள். மகன் பெயர் டேவிட். நான்கு வயது நிறையும் முன்னே, யேல் கவர்னராக இருந்த காலத்திலேயே, மதராஸில் இறந்துபோனான். அவனைப் புதைத்த இடம் உனக்குத் தெரியும். சின்ன வயதில் உன்னை உயர் நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனபோது, பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் ஊசிபோல் மேலே போகிற கல்லைக் காட்டி, “இது என்ன கோபுரம் மாமா?” என்று கேட்டாயே, அதுதான். அகலமான அடிமேடை; அதன்மேல் நாலு பக்கமும் குறுகிக்கொண்டே உயர்கிற கூம்பு. அதைக் கட்டியது டேவிட்டுக்காக அல்ல. கேத்தரினின் முதல் கணவர் ஹின்மர்ஸுக்கான கல்லறை அது. தன் மனைவியின் முன்னாள் கணவருக்குப் பக்கத்தில் தன் ஒரே மகனைக் கிடத்தினார் யேல். அதன்பிறகு கேத்தரின் இங்கே இருக்கவில்லை. 1689இல் மற்றப் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

அந்த இடம் அப்போது ஆங்கிலேயரின் இடுகாடு. சுற்றிலும் பெரிய பெரிய கல்லறைகள் இருந்தன. 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகை போட்டபோது, அவருடைய படை அந்தக் கல்லறைகளுக்குப் பின்னால்தான் பதுங்கிக்கொண்டது. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் பெரும்பாலான கல்லறைகளை இடித்துவிட்டு, எழுத்துப் பொறித்த பலகைக் கற்களைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய்ச் சுற்றிலும் தரைபோலப் பாவிவிட்டார்கள். அங்கே போனால் இன்றைக்கும் அந்த எழுத்துகளின்மேல்தான் நடந்து போகவேண்டும். அந்த இடிப்பில் தப்பியது ஹின்மர்ஸ் கல்லறை. 1921இல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமானது. போன வருஷம், இதற்குத் தொல்லியல் மதிப்பு எதுவும் இல்லை, வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. காரணம், வண்டி நிறுத்தம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது. வக்கீல்களின் கார்களுக்கு அங்கே படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் கல்லைப் பற்றிக் கேட்டால், அது இருக்கிற இடத்திலேயே இருக்கவேண்டும் என்பேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, பதவியில் இருந்தபோது துரை என்ன செய்தார்? கவர்னராக 1687 முதல் 1692 வரை. மதராஸ் மாநகராட்சி 1688இல் அமைந்தது இவர் காலத்தில்தான். அதில் ஆங்கிலேயர், போர்த்துகீசியர், யூத வைர வியாபாரிகள், நம்மவர்கள் எல்லோருக்கும் இடம் இருந்தது. மின்ட் தெருவில் ஏகாம்பரேஸ்வரர் கோயிலைக் கட்டிய ஆலங்காத்தா பிள்ளையும் அந்த முதல் சபையில் ஒருவர். 1690இல் கடலூர் பக்கத்துத் தேவனாம்பட்டினக் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ, அதற்குள் வருகிற ஊரெல்லாம் விலைக்குள் அடக்கம் என்று பேச்சு. சுட்டார்கள். குண்டு விழுந்த வட்டாரத்தைக் குண்டு கிராமங்கள் என்றே சொன்னார்கள். அந்தக் கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர். அது வேல்ஸ் நாட்டின் புனிதர் பெயர். இறந்துபோன மகன் பெயரும் அதுவே.

இப்போது கையை நடுங்கவைக்கிற பக்கத்துக்கு வருகிறேன். யேல் கவுன்சிலில் இருந்த 1680களில் பஞ்சம் வந்தது. சோறு இல்லாத குடும்பங்கள் பிள்ளைகளை விற்றன. சிலர் தங்களையே விற்றுக்கொண்டார்கள். கம்பெனி வாங்கியது. ஐரோப்பாவுக்குப் போகிற ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றிப் போகவேண்டும் என்று கோட்டையில் உத்தரவு இருந்தது. நடுவழியில் இருக்கிற செயின்ட் ஹெலினா தீவுக்கு அவர்கள் வேலைக்குத் தேவைப்பட்டார்கள். 1687இல் ஒரே மாதத்தில் மட்டும் குறைந்தது 665 பேர் நம் கடற்கரையிலிருந்து ஏற்றப்பட்டார்கள். 1688இல் இந்த ஏற்றுமதியை நிறுத்தினார்கள். அதுவும் இரக்கத்தால் அல்ல. கோல்கொண்டா அப்போதுதான் ஔரங்கசீப்பிடம் விழுந்திருந்தது. புதிதாக வந்த மொகலாய அதிகாரத்துக்கு இந்த வியாபாரம் பிடிக்கவில்லை. யேல் தன் பெயரில் தனியாக அடிமை வியாபாரம் நடத்தினாரா என்று அங்கே வாதம் நடக்கிறது. எனக்கு அந்த வாதம் பெரிதாகப் படவில்லை. தீர்மானத்தின் அடியில் கையெழுத்துப் போட்டவர் அதற்குப் பொறுப்பு. இது குமாஸ்தாவுக்கே தெரிந்த சட்டம்.

அந்த 665 பேரும் கடலோர மக்கள். தமிழும் தெலுங்கும் பேசிக்கொண்டு, பசியில், கூட வந்தவர் கையைப் பிடித்தபடி படகு ஏறியிருப்பார்கள். மசூலா படகில் அலையைத் தாண்டித்தானே கப்பலுக்குப் போகவேண்டும், மதராஸில் அப்போது துறைமுகம் ஏது? அவர்கள் ஒருவர் பெயரும் பதிவேட்டில் இல்லை. துரை வீட்டுக் கல்யாணத்துக்குத் தேதி இருக்கிறது. மகன் சாவுக்குக் கல் இருக்கிறது. இவர்களுக்கு எண்ணிக்கை மட்டும்.

குடும்பத்துக்குத் திரும்புவோம். கேத்தரின் ஊருக்குப் போனபிறகு, ஹீரோனிமா டி பைவா என்ற போர்த்துகீசிய யூதப் பெண்ணோடு யேல் வாழ்ந்தார். அந்த அம்மாவும் விதவை. கணவர் வைர வியாபாரத்துக்காக மதராஸ் வந்து இங்கேயே இறந்தவர். இவர்களுக்கு ஒரு மகன், சார்லஸ். தாயும் மகனும் பிறகு தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குப் போய்விட்டார்கள். அங்கே அந்தப் பிள்ளையும் இளம் வயதிலேயே இறந்தான். இரண்டு வீடு, இரண்டு மகன்கள், இரண்டு பேருமே தங்கவில்லை.

1692இல் கம்பெனி யேலைப் பதவியிலிருந்து இறக்கியது. கம்பெனிப் பணத்தைச் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார் என்று கவுன்சிலில் இருந்தவர்களே குற்றம் சாட்டினார்கள். கணக்குத் தீரும்வரை ஊரை விட்டு நகர முடியவில்லை. 1699இல்தான் லண்டனுக்குப் போக முடிந்தது. போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. குயின் ஸ்கொயர் வீட்டில் ஓவியங்கள், வைரங்கள், மேசை நாற்காலி, தந்தச் சாமான் என்று குவித்து வைத்திருந்ததை அவர் இறந்தபிறகு ஏலம் போட்டு முடிக்கவே நாள்கணக்கில் ஆனது.

ஆனால் இத்தனைக்கும் வாரிசு என்று சொல்ல ஆண் பிள்ளை இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலேயக் குடும்பத்தில் மகளுக்குச் சொத்து போகும். ஆனால் குடும்பப் பெயர் கணவனுடையதாகிவிடும். கேத்தரின் என்ற மகள் டட்லி நார்த்தை மணந்தாள். ஆன், டெவன்ஷயர் பிரபுவின் மகன் லார்டு ஜேம்ஸ் கேவண்டிஷை மணந்தாள். பெரிய இடத்துச் சம்பந்தங்கள்தான். அர்சுலா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யேல் என்ற பெயர் அவரோடு முடியப் போகிறது. அதனால் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையனை வரவழைத்து, வாரிசாக வைத்துக்கொள்ள முயன்றார். அவன் பெயரும் டேவிட்! பையன் லண்டன் வந்தான், படித்தான், கடைசியில் ஊர் திரும்பிவிட்டான்.

உங்கள் கல்லூரி இந்தக் கதைக்குள் வருவது இந்த வாசல் வழியாகத்தான். லண்டனில் ஜெரமையா டம்மர் என்று கனெக்டிகட்டுக்கு ஒரு ஏஜெண்ட் இருந்தார். இந்தியாவில் பெரும் பணம் சேர்த்த யேல், மகன் இல்லாததால் நம் ஊரிலிருந்து ஒரு பையனைக் கேட்டனுப்புகிறார் என்ற செய்தி 1711இலேயே அவருக்குத் தெரியும். மகனைத் தேடுகிற பணக்காரர் ஒரு பக்கம். 1701இல் ஆரம்பித்துக் காசுக்குத் தவிக்கிற கல்லூரி ஒரு பக்கம். டம்மர் விடவில்லை. யேல் ஆக்ஸ்போர்டுக்குக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆங்கிலிக்கன் சபைக்காரரான தான், அந்தச் சபைக்கு எதிரானவர்களின் கல்லூரிக்கு ஏன் கொடுக்கவேண்டும் என்று தயங்கவும் செய்தார்.

1718 ஜனவரியில் பாஸ்டனிலிருந்து காட்டன் மேதர் என்ற பாதிரியார் யேலுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் சாரம் இதுதான்: நியூ ஹேவனில் எழும் கல்லூரிக்கு உங்கள் பெயரை வைத்தால், பிள்ளைகள் வழியாக நிலைக்கிற பெயரைவிட அது மேலானது, எகிப்தியப் பிரமிடைவிடவும் மேலான ஞாபகச் சின்னம் அது. கயல், இதைப் படித்தபோது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மேதர் மதராஸைப் பார்த்தவர் அல்ல. இங்கே ஒரு கூர்ங்கல்லின் அடியில் யேலின் மகன் கிடக்கிறான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் கடிதத்தைப் பிரித்துப் படித்தவருக்குத் தெரியும். பிள்ளை வேண்டாம், பிரமிடு வேண்டாம், இது போதும் என்று ஒருவர் எழுதினால், மகனைப் பறிகொடுத்த அறுபத்தெட்டு வயதுத் தகப்பனுக்கு என்ன தோன்றியிருக்கும்?

கொடுத்தார். ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படம். பொதிகளுக்குள் காலிகோ, மஸ்லின், பட்டு, இன்னும் சில துணிகள். பாஸ்டனில் விற்றதில் 562 பவுண்டு 12 ஷில்லிங் கிடைத்தது. கல்லூரிக்கு யேல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலிகோவும் மஸ்லினும் இந்தியத் தறிகளின் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோன துணிகள். உன் சான்றிதழில் அச்சாகப் போகிற பெயருக்கு விலை, அந்த மூட்டைகள்தான்.

இன்னும் ஒரு 500 பவுண்டு கல்லூரிக்குக் கொடுக்கவேண்டும் என்று உயிலில் எண்ணியிருந்தார். உயில் முறையாக நிறைவேறவில்லை. அந்தப் பணம் கல்லூரிக்கு வந்து சேரவேயில்லை. அந்த உயிலில் கேத்தரினைப் பற்றித் துஷ்ட மனைவி என்று எழுதி, அவருக்கு என்ன என்பதை நிரப்பாமல் விட்டிருந்தார் என்றும் சொல்வார்கள். 1721 ஜூலை 8ஆம் தேதி லண்டனில் இறந்தார். ரெக்ஸ்ஹாமில் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்து வாசலில் புதைத்தார்கள். அந்தத் தேவாலயக் கோபுரத்தின் சாயலில் உங்கள் வளாகத்தில் ஒரு கோபுரம் இருக்கிறதாமே, சேப்ரூக் கல்லூரிப் பக்கம். போய்ப் பார்த்தாயா?

சரி, தாள் நிரம்பிவிட்டது. மனைவி: பிரிந்து போனவர். மகன்கள்: இருவரும் இறந்தனர். மகள்கள்: சொத்து உண்டு, பெயர் இல்லை. சுவீகாரம்: நடக்கவில்லை. உயில்: தேறவில்லை. மிச்சம், துணி விற்ற பணத்துக்குப் பெயரை வாங்கிக்கொண்ட ஒரு கல்லூரி.

உன் தோழிக்கு நீ சொல்லவேண்டிய பதிலின் முதல் பகுதி இதுதான். அந்தக் கல்லூரியை யேல் கட்டவில்லை. நடத்தவில்லை. மூன்று நூற்றாண்டு காலம் அதை வளர்த்தவர்கள் வேறு. அவர்கள் செய்த நல்லதும் கெட்டதும் அவர்களுடையவை. இப்போது கேட்ட மன்னிப்பே அந்தக் கெட்டதுக்காகத்தான். கனெக்டிகட் ஹால் கட்டடத்துக்கு அடிமைகளின் உழைப்பு பயன்பட்டது. கல்லூரியோடு தொடர்புள்ள ஆட்களிடம் அடிமையாக இருந்தவர்களில் 200 பேருக்கு மேல் இப்போது அடையாளம் தெரிந்திருக்கிறது. 1831இல் நியூ ஹேவனில் கறுப்பின மாணவர்களுக்கென்று ஒரு கல்லூரி வர இருந்ததைத் தடுத்ததில் யேல் ஆட்களுக்கும் பங்கு உண்டு. இதையெல்லாம் அவர்களே ஆராய்ந்து, அவர்களே எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்தக் கணக்கு அமெரிக்காவுக்குள் உள்ள கணக்கு. மதராஸ் பக்கம் இன்னும் திறந்தே கிடக்கிறது. அதனால்தான் உனக்கு வாயடைத்தது. மன்னிப்புக் கடிதத்தில் உன் ஊரைத் தேடியிருப்பாய்.

ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருப்பது. பராமரிப்புக்காக மூடியிருக்கிறார்கள் என்று நீ சொன்னாய், திறந்தபிறகு அவசியம் போ. 1719 வாக்கில் வரைந்தது. நடுவில் யேல் துரை, சுற்றிலும் மருமகன்கள், மேசையில் மதுக் குவளைகள், பின்னால் பேரப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். வலது ஓரத்தில் மது பரிமாற நிற்கிற ஒரு கறுப்பினச் சிறுவன். பத்து வயது இருக்கும். நல்ல உடை. கழுத்தில் உலோகப் பட்டை, அதில் ஒரு பூட்டு. நான் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். பூட்டைத் தெளிவாகவே வரைந்திருக்கிறார்கள். மறைக்கவேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 2020இல் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டு, டைட்டஸ் கபார் என்ற ஓவியர் வரைந்ததை மாட்டினார்கள். அதில் துரைமார் எல்லோரும் கசங்கிப் போயிருப்பார்கள். பையன் மட்டும் தங்கச் சட்டத்துக்குள் முழு முகத்தோடு இருப்பான், கழுத்தில் பட்டை இல்லாமல். பிறகு பழைய படத்தை மறுபடியும் மாட்டினார்கள். இம்முறை பையனைப் பற்றி ஆராய்ந்து எழுதிய குறிப்போடு. இதுதான் எனக்குச் சரி என்று படுகிறது. இறக்கிவைத்தால் பூட்டும் சேர்ந்து போய்விடும்.

கல்லறையை நகர்த்தவேண்டாம் என்று நான் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். அது துரைக்குக் காட்டும் மரியாதை அல்ல. அந்தக் கல்லின் முன்னால் நிறுத்தித்தான், நாலு வயதுப் பிள்ளையை இழந்த ஒரு தகப்பன், அதே காலத்தில் பிறர் பெற்ற பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றும் தீர்மானத்தில் உட்கார்ந்திருந்தான் என்பதை ஒருவருக்குச் சொல்ல முடியும். கல்லை வேறெங்கோ தூக்கி வைத்தால், அதைச் சொல்ல ஒரு இடம் இல்லாமல் போகும்.

இனி பதிலின் இரண்டாம் பகுதி. நீ யேலின் வாரிசு அல்ல. அதனால் அவர் பாவத்துக்கு நீ தலைகுனியவேண்டாம். கல்லூரி உனக்கு உதவித்தொகை கொடுத்தது என்பதற்காக அவருக்கு நன்றிக்கடனும் பட வேண்டாம். உன் மதிப்பெண்ணுக்கு வந்த இடம் அது. அந்த இடத்தில் கூச்சமில்லாமல் உட்கார். யாராவது கேட்டால், “அவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல, எங்கள் ஊரில் 20 வருஷத்துக்கு மேல் இருந்து சம்பாதித்துப் போனவர். பெயருக்கு அவர் கொடுத்ததில் எங்கள் பக்கத்துத் தறிக்காரர்களுக்கும் பங்கு உண்டு” என்று சொல்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். கோர்ட்டில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ இல்லாதவர்கள்கூட, காரணம் சொல்லி மூன்றாம் நபராக நகல் மனு போட்டு, ஒரு கட்டின் நகலைக் கேட்டு வாங்கலாம். எத்தனையோ மனு நானே எழுதியிருக்கிறேன். கோட்டைக் கவுன்சிலின் அந்தக் காலத்து நாள்குறிப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நூறு வருஷத்துக்கு முன்பே மதராஸ் அரசு அச்சகம் அவற்றைப் புத்தகமாகப் போட்டது. உங்கள் நூலகம் உலகத்திலேயே பெரிய நூலகங்களில் ஒன்று, அங்கேயும் இருக்கும். 1687, 1688 தொகுதிகளை எடு. கப்பல் பெயர், தேதி, எத்தனை பேர் என்று வரும் வரிகளை மட்டும் உன் நோட்டில் இறக்கு. உன் படிப்பு பொது சுகாதாரம். பஞ்சத்தையும் சாவையும் எண்ணிக்கையையும் படிக்க உனக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அங்கே எடுத்ததை எனக்கு அனுப்பு. இங்கே எழும்பூரில் மூலத்தோடு நான் ஒத்துப் பார்க்கிறேன். இரண்டையும் சேர்த்து நம் இருவர் பெயரில் உன் பேராசிரியரிடம் கொடு. மன்னிப்புக் கேட்டவர்களிடம், இந்தப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க அது போதும்.

அத்தை பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். ஊறுகாயைக் கூரியர்காரன் எடுப்பானா தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். முதல் தொகுதி கிடைத்ததும் உடனே எழுது.

ஆசீர்வாதங்களுடன்,
உன் மாமா